தாடை அறுவை பி.ஜி. மாணவர்களுக்கு டிஜிட்டல் பயிற்சி: எல்லையோரக் கல்லூரியில் எப்படித் தொடங்குவது?

கேரள எல்லையையொட்டி மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் வாய், முக, தாடை அறுவைத் துறையில் ஆசிரியராகச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "பி.ஜி.களுக்கு டிஜிட்டலா ஏதாவது ஆரம்பிங்க" என்று ஹெச்.ஓ.டி. (துறைத் தலைவர்) சொல்லிவிட்டார். எங்கள் துறையில் இந்தப் பொறுப்பு என்னிடம் வந்தபோது எதை முதலில் செய்ய வேண்டும் என்று சொல்ல ஆளில்லை. விசாரித்த இடத்திலெல்லாம் மெஷின் விற்பவர்கள்தான் பேசினார்கள். நீங்கள் அந்த அலைச்சல் படாமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன்.

வரிசை இதுதான்: முதலில் அனுமதி, பிறகு ஸ்கேன், பிறகு கணினி, கடைசியாக பிரிண்டர். பல இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது. பிரிண்டர் வந்து உட்கார்ந்திருக்கும். அச்சிட உருப்படியான ஒரு ஸ்கேன் இருக்காது. எம்.டி.எஸ். என்ற பல் மருத்துவ மேற்படிப்பின் மூன்று வருடத்தில் முதல் வருடம் பெரும்பாலும் ரிட்ராக்டரும் சக்‌ஷனும் பிடிப்பதிலேயே போய்விடுகிறது. அந்த வருடத்திலேயே ஒரு தாடையை உள்ளும் புறமும் தெரிந்துகொள்ள வைப்பதுதான் இந்தப் பயிற்சியின் பலன்.

1. எத்திக்ஸ் கமிட்டி அனுமதியும் சம்மதப் படிவமும்

நோயாளியின் சிகிச்சைக்காக எடுத்த ஸ்கேனைப் பாடம் நடத்தவும் பயன்படுத்தப் போகிறீர்கள். அதற்குத் தனிச் சம்மதம் வேண்டும். அறுவைச் சிகிச்சைக்கு வாங்கிய கையெழுத்து இதற்குச் செல்லாது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்துவிட்டது. "படிப்புக்குத்தானே" என்று இனி விட்டுவிட முடியாது.

கமிட்டிக்குத் தர வேண்டியவை: ஹெச்.ஓ.டி. கையெழுத்திட்ட கடிதம், என்ன செய்யப் போகிறோம் என்று இரண்டு மூன்று பக்கக் குறிப்பு, சம்மதப் படிவம், தரவு எந்தக் கணினியில் இருக்கும், யார் திறக்கலாம், எப்போது அழிக்கப்படும் என்ற ஒரு பக்கத் திட்டம். கடைசியில் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், விண்ணப்பம் திரும்பி வருகிறது. கமிட்டி மாதாமாதம் கூடும் என்று நம்பாதீர்கள். அடுத்த கூட்டம் எப்போது என்று அலுவலகத்தில் கேட்டு, அதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் ஒரு பருவமே போய்விடும்.

நம் ஊரில் இன்னொரு விஷயம். பாறசாலையிலிருந்தும் நெய்யாற்றின்கரையிலிருந்தும் வருபவர்களில் பலர் மலையாளம்தான் வாசிப்பார்கள். விளவங்கோடு பக்கத்துப் பெரியவர்கள் இரண்டு மொழியும் கலந்து பேசுவார்கள், வாசிப்பது ஒன்றுதான். அதனால் படிவம் தமிழிலும் மலையாளத்திலும் தனித்தனியாக இருக்கட்டும். ஒரே தாளில் இரண்டையும் நெருக்கி அச்சடித்தால் எழுத்து சிறிதாகி யாராலும் வாசிக்க முடியாது. வாசிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டி, கைநாட்டும் சாட்சிக் கையெழுத்தும் வாங்குங்கள். "மாட்டேன்னு சொன்னா ஆபரேஷன் நடக்காதா டாக்டர்?" என்று கேட்பார்கள். நடக்கும் என்று படிவத்திலேயே எழுதியிருக்க வேண்டும், வாயாலும் சொல்ல வேண்டும்.

அனுமதி வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். 3டி ஸ்லைசர் என்ற இலவச மென்பொருளோடு மாதிரி ஸ்கேன்களும் கிடைக்கின்றன. தாடை அறுவைக்கு முன்னும் பின்னும் எடுத்த ஒரு சி.பி.சி.டி. (பல், தாடைக்கென்றே உள்ள கூம்புக் கதிர் சி.டி.) ஜோடியும் அதில் உண்டு. முதல் பாடங்களை அதிலேயே தொடங்கலாம். எந்தக் காகிதமும் தேவையில்லை.

2. ஸ்கேன்: பாதி வேலை இங்கேதான்

விபத்தில் அடிபட்டு வருபவர் கையில் பெரும்பாலும் தலைக்கு எடுத்த சி.டி. இருக்கும். அது மூளையில் ரத்தக்கசிவு பார்க்க எடுத்தது. 5 மி.மீ. இடைவெளியில் வெட்டியிருப்பார்கள், கீழ்த்தாடை முழுதாக வந்திருக்காது. அதை வைத்து மாடல் செய்தால் எலும்பு படிக்கட்டு மாதிரி வரும்.

ஸ்கேன் எழுதும்போதே ஒரு நிலையான சீட்டு வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் சீட்டில் இருப்பது:

- நெற்றிக்கு மேலிருந்து மோவாய்க்குக் கீழ்வரை, மோவாய் வெட்டுப்படாமல்.
- ஸ்லைஸ் 1 மி.மீ. அல்லது அதற்கும் குறைவு.
- கேன்ட்ரி (சி.டி. மெஷினின் வளையம்) சாய்வு 0.
- எலும்புக்கான போன் கர்னல், மென்திசுவுக்கான சாஃப்ட் கர்னல் என்ற இரண்டு பட அமைப்பும்.
- டைகாம் (ஸ்கேனின் மூல வடிவம்) ஃபைலாக, குறுந்தகட்டில் அல்லது பென் டிரைவில். ஃபிலிமும் ஜேபெக் படமும் போதாது.

போன் கர்னல் படம் கண்ணுக்குக் கூர்மையாக இருக்கும், ஆனால் புள்ளி புள்ளியாக இரைச்சல் அதிகம். எலும்பைப் பிரித்தெடுக்க மெல்லிய ஸ்லைஸில் எடுத்த சாஃப்ட் கர்னல்தான் வசதி. முறிவுக் கோட்டைப் பார்க்கப் போன் கர்னல். இதை ஸ்கேன் டெக்னீஷியனிடம் ஒருமுறை நேரில் போய் உட்கார்ந்து பேசிவிடுங்கள்; சீட்டில் எழுதுவதைவிட அது வேலை செய்யும்.

மெல்லிய ஸ்லைஸ் டேட்டாவைப் பல சென்டர்கள் சில நாளிலேயே அழித்துவிடுகின்றன. ஃபிலிம் போட்டு, ரிப்போர்ட் கொடுத்து, தடித்த ஸ்லைஸை மட்டும் வைத்துக்கொள்வார்கள். திருவனந்தபுரத்தில் ஸ்கேன் எடுத்துக்கொண்டு இங்கே வரும் நோயாளி என்றால், அன்றைக்கே அந்த சென்டருக்குப் போன் போடுங்கள். நோயாளியின் கையெழுத்துள்ள ஒரு கடிதத்தோடு உறவினரை அனுப்பினால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள்.

ஒரு எச்சரிக்கை: பயிற்சிக்காக மட்டும் யாருக்கும் புதிதாக சி.டி. எடுக்கக் கூடாது. கதிர்வீச்சு அவருக்கு, பாடம் நமக்கு என்பது நியாயமில்லை. விபத்து கேஸ் என்றால், தலைக்கு சி.டி. எழுதும்போதே முகத்தையும் சேர்த்து எழுதும்படி காஷுவல்டி டாக்டர்களிடம் சொல்லி வையுங்கள். இரண்டாவது ஸ்கேனும் அதன் செலவும் மிச்சம்.

சி.பி.சி.டி. இருந்தால் பற்களும் நரம்புக் குழாயும் அழகாகத் தெரியும். ஆனால் சி.டி.யில் திசுவின் அடர்த்தியைக் காட்டும் ஹவுன்ஸ்ஃபீல்டு எண்கள் அதில் நம்பகமாக இருக்காது. சி.டி.க்குச் சொல்லிக்கொடுத்த அளவு அங்கே பொருந்தவில்லை என்று பி.ஜி. குழம்புவார், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

3. பெயரை நீக்குங்கள், முகத்தையும்

டைகாம் ஃபைலுக்குள் பெயர், வயது, ஐ.பி. (உள்நோயாளி) நம்பர், சென்டர் பெயர் எல்லாம் இருக்கும். ஃபோல்டர் பெயரை மாற்றினால் அவை போகாது. எளிய வழி: ஸ்லைசரில் திறந்து என்.ஆர்.ஆர்.டி. வடிவில் சேமியுங்கள். அதில் படமும் அளவுகளும்தான் போகும், நோயாளி விவரம் போகாது. கோப்புக்கு ஒரு குறியீட்டு எண் கொடுத்து, எண்ணையும் பெயரையும் இணைக்கும் நோட்டை ஹெச்.ஓ.டி. அலமாரியில் பூட்டி வையுங்கள். கதிர்வீச்சு அளவைச் சொல்லும் டோஸ் ரிப்போர்ட் பக்கத்தில் பெயர் படத்திலேயே பதிந்திருக்கும். அந்தப் பக்கத்தைச் சேர்க்கவே வேண்டாம்.

பெயரை எடுத்தாலும் முகம் இருக்கிறது. சி.டி.யிலிருந்து தோலின் மேற்பரப்பை முப்பரிமாணத்தில் எழுப்பினால், பக்கத்து ஊர்க்காரர் அடையாளம் கண்டுவிடுவார். நம்முடையது ஒருவரை ஒருவர் தெரிந்த ஊர். பி.ஜி.கள் ஆர்வத்தில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்ஆப் குரூப்பில் போடுவார்கள். அதை முதல் நாளே தடுங்கள். எலும்பு மட்டும் உள்ள எஸ்.டி.எல். (முப்பரிமாண அச்சுக்கான) ஃபைலைப் பகிரலாம், ஸ்கேனைப் பகிரக் கூடாது.

4. கணினியும் மென்பொருளும்

16 ஜி.பி. ரேம் குறைந்தபட்சம், 32 இருந்தால் நிம்மதி. தனி கிராஃபிக்ஸ் கார்டு, எஸ்.எஸ்.டி., மவுஸ். லேப்டாப்பின் டச்பேடில் தாடை வரைய முடியாது. இப்படி ஒரு டெஸ்க்டாப் ஏறத்தாழ 70,000 முதல் ஒரு லட்சம் ரூபாய்க்குள் அமையும்.

மென்பொருளுக்குக் காசு வேண்டாம். எலும்பைப் பிரித்தெடுக்க 3டி ஸ்லைசர், வெட்டி நகர்த்தப் பார்க்க பிளெண்டர், அச்சுக்கு க்யூரா அல்லது ப்ரூசா ஸ்லைசர். எல்லாமே இலவசம். காலிலுள்ள ஃபிபுலா எலும்பை வைத்துக் கீழ்த்தாடையைத் திரும்பக் கட்டும் திட்டத்துக்கு 3டி ஸ்லைசரிலேயே போன் ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் பிளானர் என்ற இணைப்பு உண்டு. வாய்ப்புற்றுநோய் கேஸ்கள் அதிகம் வரும் துறை என்றால் அது பெரிய உதவி. ஆண்டுச் சந்தா கட்டும் மென்பொருள் விற்பவர் வந்தால், ஒரு வருடம் இலவசத்தில் ஓட்டிவிட்டுப் பேசுகிறோம் என்று சொல்லுங்கள்.

ஆனால் 3டி ஸ்லைசர் ஆராய்ச்சிக்கான மென்பொருள். சிகிச்சைக்கு அங்கீகாரம் பெற்றதல்ல. பாடத்துக்கும் மாடலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் அளந்த எண்ணை மட்டும் நம்பித் தியேட்டரில் எலும்பை வெட்டக் கூடாது.

5. முதல் பாடம்: ஒரு கீழ்த்தாடையைப் பிரித்தெடுப்பது

இதைச் சீனியர் செய்துகாட்டி மாணவர் பார்த்தால் பயனில்லை. மவுஸ் மாணவர் கையில் இருக்க வேண்டும்.

ஸ்கேனைத் திறந்ததும் தேவையான பகுதியை மட்டும் வெட்டிக்கொள்ளச் சொல்லுங்கள், கணினி திணறாது. பிறகு செக்மென்ட் எடிட்டரில் திரெஷோல்ட், அதாவது எந்த ஹவுன்ஸ்ஃபீல்டு எண்ணுக்கு மேல் எலும்பு என்று எடுப்பது. சி.டி.யில் கீழ் எல்லையை 200, 300 அளவில் வைத்துத் தொடங்கலாம். அதிகம் வைத்தால் மெல்லிய எலும்பு காணாமல் போகும், குறைத்தால் தசையும் ஒட்டிக்கொள்ளும். கண்குழியின் தரையைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே ஓட்டை ஓட்டையாகத் தெரியும். அது முறிவா, அல்லது எலும்பு மெல்லியதால் கணினிக்குத் தெரியாமல் போனதா என்று பழைய ஸ்லைஸுக்குப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். முப்பரிமாணப் படத்தை மட்டும் பார்த்து "ப்ளோ அவுட்" (கண்குழிச் சுவர் முறிவு) என்று சொல்லும் பழக்கத்தை இங்கேயே நிறுத்திவிடலாம்.

அடுத்தது மண்டையிலிருந்து கீழ்த்தாடையைப் பிரிப்பது. இரண்டு இடத்தில் ஒட்டியிருக்கும்: கடித்தபடி எடுத்த பற்கள், காதுக்கு முன்னாலுள்ள மூட்டு. "குரோ ஃப்ரம் சீட்ஸ்" கருவியில் கீழ்த்தாடைக்கு ஒரு நிறம், மண்டைக்கு ஒரு நிறம், மீதிக்கு ஒன்று என்று மூன்று நான்கு ஸ்லைஸில் கோடு போட்டால் பெரும்பகுதியைக் கணினியே பிரித்துவிடும். மூட்டில் மட்டும் கையால் திருத்த வேண்டும். கான்டைலின் (மூட்டுக்குள் இருக்கும் தாடை முனை) தலையை ஸ்லைஸ் ஸ்லைஸாகச் சுற்றி வரும்போதுதான் அது உருண்டையல்ல, பக்கவாட்டில் நீண்டு, உள்முனை சற்றுப் பின்னோக்கித் திரும்பியிருக்கிறது என்பது பி.ஜி.க்குக் கைக்குப் பிடிபடும். புத்தகத்தில் படித்திருப்பார், இருந்தாலும் இங்கேதான் மனதில் நிற்கும்.

பற்களில் பிராக்கெட்டோ உலோக கிரௌனோ இருந்தால் கோடு கோடாகச் சிதறல் வரும். அதைத் துடைத்துத் துடைத்து நேரத்தை வீணாக்க வேண்டாம். கடி துல்லியமாக வேண்டுமானால் பிளாஸ்டர் மாடலை ஸ்கேன் செய்து சேர்க்க வேண்டும். அது இரண்டாம் வருடப் பாடம்.

கடைசியாக நரம்புக் குழாய். நரம்பு தாடைக்குள் நுழையும் இடத்திலுள்ள லிங்குலாவிலிருந்து அது வெளியே வரும் மென்டல் ஃபோராமென் வரை கையால் புள்ளி வைத்து வளைவாக இழுக்கச் சொல்லுங்கள். பிறகு இரண்டாம் கடைவாய்ப்பல் பக்கம் குழாய்க்கும் வெளி எலும்புச் சுவருக்கும் எத்தனை மி.மீ. என்று அளந்து எழுத வேண்டும், இரண்டு பக்கமும். சாஜிட்டல் ஸ்ப்ளிட் (கீழ்த்தாடையை நெடுக்காகப் பிளக்கும் அறுவை) செய்யும்போது பர் என்ற வெட்டுமுனை எவ்வளவு ஆழம் போகலாம் என்பது அந்த இடத்தில்தான் இருக்கிறது. ஐந்து பேரின் தாடையை இப்படி அளந்த மாணவர் தியேட்டரில் கேட்கும் கேள்வியே வேறு மாதிரி இருக்கும்.

முதல் தாடைக்கு ஒரு முழு மதியம் போகும். பழகியவருக்கு ஒன்றிரண்டு மணி நேரம். அவசரப்படுத்தாதீர்கள்.

6. பிரிண்டர் வாங்குவது

இழை உருக்கி அச்சிடும் எஃப்.டி.எம். வகை போதும். 20,000 முதல் 40,000 ரூபாய்க்குள் நல்லதாகக் கிடைக்கும். பி.எல்.ஏ. இழை கிலோ 1,000 ரூபாயை ஒட்டி. ஒரு கீழ்த்தாடைக்குத் தாங்கியோடு சேர்த்துப் பெரும்பாலும் 100 கிராமுக்குள்தான் ஆகும். 0.4 மி.மீ. நாசில், 0.2 மி.மீ. அடுக்கு வைத்தால் சாதாரண மெஷினில் 6 முதல் 10 மணி நேரம். இரவில் போட்டுவிட்டுப் போகிறவர்கள் யு.பி.எஸ். வைத்துக்கொள்ளுங்கள். மின்தடைக்குப் பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி இருந்தாலும், அந்த இடத்தில் அடுக்கு விலகி ஒரு கோடு விழும்.

கல்லூரி நிர்வாகம் மூன்று கொட்டேஷன் கேட்கும். நாகர்கோவிலில் ஒன்று, திருவனந்தபுரத்தில் ஒன்று என்று வாங்குவீர்கள். விலையை மட்டும் ஒப்பிடாதீர்கள். நாசிலும் ஹாட் எண்டும் (இழையை உருக்கும் பாகம்) கையிருப்பில் உண்டா, ரிப்பேருக்கு ஆள் நேரில் வருவாரா என்று எழுத்தில் வாங்குங்கள். மாநிலம் தாண்டி வாங்கினால் பில்லில் ஐ.ஜி.எஸ்.டி. வரும், அக்கவுண்ட்ஸில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பில் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் வேண்டும். ரிப்பேருக்குக் காரில் வைத்து எல்லை தாண்டும்போது வாங்கிய பில்லின் நகலும், ரிப்பேருக்குப் போகிறது என்று டெலிவரி சலானும் கூடவே இருக்கட்டும்.

கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் உண்டு. பி.எல்.ஏ. ஈரத்தை இழுக்கும். அச்சிடும்போது படபடவென்று சத்தம் வந்தால், நூல் நூலாகத் தொங்கினால், இழை நனைந்திருக்கிறது என்று அர்த்தம். காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். நனைந்ததை 45, 50 டிகிரியில் சில மணி நேரம் உலர்த்தினால் சரியாகிவிடும்.

வி.ஆர். ஹெட்செட், கை உணர்வு தரும் சிமுலேட்டர் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கை உணர்வு சிமுலேட்டர் பல லட்சம் ஆகும். அந்தப் பணத்தில் உங்கள் துறை பல வருடத்துக்கு மாடல் அச்சிடலாம்.

7. மாடலில் பிளேட் வளைப்பதும் துளையிடுவதும்

அச்சிடும்போது வெளிச்சுவர் 3 அல்லது 4 வரிசை, உள்நிரப்பு 15 முதல் 20 சதவீதம் வையுங்கள். வெளியே கெட்டி, உள்ளே பொள்ளல் என்று வந்தால் டிரில் ஒரு சுவரைத் தாண்டியது கைக்குத் தெரியும். 2.0 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 1.5 மி.மீ. டிரில். வேகத்தைக் குறைத்து, சலைன் ஊற்றிக்கொண்டே போட வேண்டும். பி.எல்.ஏ. 60 டிகிரிப் பக்கமே இளகிவிடும், சூடானால் டிரில்லில் சுற்றிக்கொள்ளும். தண்ணீர் ஊற்றும் பழக்கம் எலும்புக்கும் தேவை என்பதால் இதில் நஷ்டமில்லை.

முறிவைப் பிடிக்கும் உலோகப் பிளேட் எங்கே உட்கார வேண்டும் என்று காட்டும் சாம்பி கோடுகளைப் பென்சிலால் மாடலில் வரையச் சொல்லிவிட்டு அப்புறம் பிளேட் கொடுங்கள். தாடைக் கோணத்தில் வெளிச் சாய்வு விளிம்பையொட்டி ஒன்று. மென்டல் ஃபோராமெனுக்கு முன்னால் என்றால் இரண்டு. தியேட்டரில் நறுக்கி மிஞ்சிய பிளேட் துண்டுகளைப் பயிற்சிக்கென்று சேர்த்து வையுங்கள். அவை மறுபடி தியேட்டருக்குள் போகாதபடி தனி டப்பா, தனி நிறம்.

சாஜிட்டல் ஸ்ப்ளிட்டை மட்டும் பி.எல்.ஏ.வில் சொல்லிக்கொடுக்க முயலாதீர்கள். வெட்டுக்கோட்டைப் பழகலாம், ஆனால் எலும்பு பிளப்பது போல அது பிளக்காது. அதற்கு இறைச்சிக்கடையில் சொல்லி வைத்து ஆட்டுத்தலை வாங்கிக்கொள்வது நல்லது.

மதிப்பிடுவதற்கு ஓசாட்ஸ் என்ற அறுவைத் திறன் மதிப்பீட்டு அட்டவணை இருக்கிறது. ஏழு தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5, மொத்தம் 35. கை மட்டும் தெரியும்படி வீடியோ எடுத்து, யாருடைய கை என்று தெரியாத இரண்டு பேர் மதிப்பெண் போட வேண்டும். அப்போதுதான் ஆளைப் பார்த்து மார்க் வராது. லாக்புக்கில் மாடலில் செய்ததைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். நோயாளியில் செய்த கேஸ்களோடு அதைக் கலந்து எண்ணிக்கையைக் கூட்டுவது தவறு, இன்ஸ்பெக்‌ஷனில் மாட்டினால் மாணவருக்குத்தான் பாதிப்பு.

8. நிஜ கேஸ் வரும்போது

பைக் விபத்து, கீழ்த்தாடை இரண்டு இடத்தில் முறிவு, இன்னும் நான்கைந்து நாளில் ஆபரேஷன். பயிற்சிக்கு இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது. கால அட்டவணை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேன் எடுத்த அன்றே மெல்லிய ஸ்லைஸ் டேட்டா கைக்கு வர வேண்டும். அன்று மாலை பி.ஜி. துண்டுகளைத் தனித்தனி நிறத்தில் பிரித்து, கணினியில் சேர்த்துப் பார்க்கிறார். முறிந்த விளிம்புகளைப் பொருத்தினால் மட்டும் போதாது. பற்களின் தேய்மானம் மேலும் கீழும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். விளிம்பில் அரை மி.மீ. பிசகினால் கடியில் அது பெரிதாகத் தெரியும். மறுநாள் காலை சீனியர் பத்து நிமிடம் உட்கார்ந்து அதைத் திருத்துகிறார். அந்தப் பத்து நிமிடத்தை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். அன்று இரவு பிரிண்டிங். அடுத்த நாள் பிளேட் வளைத்து, கழுவி, ஸ்டெரிலைசேஷனுக்கு.

ஆட்டோகிளேவுக்குள் பிளேட் மட்டும்தான் போகும். 121 டிகிரியில் பி.எல்.ஏ. மாடல் குழைந்து உருவம் மாறிவிடும். தியேட்டரில் மாடலைப் பார்க்க வேண்டுமென்றால் வெளியே நிற்கும் ஸ்டாஃப் கையில் பிடித்துக் காட்டட்டும், ஸ்டெரைல் மேசைக்கு வரக் கூடாது. அதே போல, நோயாளியின் வாய்க்குள் போகும் ஸ்ப்ளின்ட்டையோ (கடியைப் பிடிக்கும் தகடு) கட்டிங் கைடையோ (வெட்டுக்கு வழிகாட்டும் அச்சு) இந்த பிரிண்டரில் செய்யாதீர்கள். அதற்கு உடம்புக்கு ஒத்துக்கொள்ளும் ரெசினும் முறையான உரிமம் உள்ள தயாரிப்பாளரும் வேண்டும்.

டேபிளில் முதலில் பற்களைக் கட்டிக் கடியைச் சரிசெய்யுங்கள், அப்புறம்தான் வளைத்து வைத்த பிளேட். எலும்பில் அது படியவில்லை என்றால் பிளேட்டுக்காக எலும்பை இழுக்க வேண்டாம். பிளேட்டை மறுபடி வளையுங்கள். எங்கே பிசகியது என்பதை அந்த வாரக் கேஸ் மீட்டிங்கில் அதே பி.ஜி. கணினியில் திறந்து காட்டிச் சொல்லட்டும்.